விட்ட இடத்துக்கே வருகிறவர்

வெள்ளிக்கிழமை மதியம் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் அவர், "எங்க நாத்தனார் வளைகாப்புக்குப் போயிருந்தேண்ணே. அங்க சமைக்க வந்தவரு என்ன பண்ணாருன்னா..." என்று ஆரம்பித்தார். அதற்குள் போன் வந்துவிட்டது, எழுந்து போனார். சனிக்கிழமை அவருக்கு லீவு. ஞாயிறு எல்லோருக்கும் லீவு. திங்கள்கிழமை காலை ஒன்பதரைக்கு உள்ளே வந்தவர், தோள்பையைக்கூட இறக்காமல் என்னைப் பார்த்து, "தக்காளி சாதத்துல ஒரு அச்சு வெல்லத்தப் போட்டுட்டாருண்ணே" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. யார் போட்டார், எந்தச் சாதத்தில், எதற்கு என்று விழித்தேன். "வெள்ளிக்கிழமை சொல்லிக்கிட்டு இருந்தேன்ல?" என்று என்னையே கோபித்துக்கொண்டார். மறந்தது என் குற்றம் என்பது போல இருந்தது.

அறந்தாங்கியில் மோட்டார் ஸ்டார்ட்டரும் பேனல் போர்டும் செய்கிற ஒரு சின்னப் பட்டறை அது. முதலாளி ஒருவர், ஒயரிங் செய்ய நானும் இன்னும் இரண்டு பேரும், புரோகிராம் எழுத இவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். முதல் வாரம் கேலிக்காக 'மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்தோம். அவர் அதைக் கேலி என்றே எடுத்துக்கொள்ளாமல், "சொல்லுங்கண்ணே" என்று சாதாரணமாகத் திரும்பிப் பார்த்ததால் அந்தப் பெயர் அப்படியே நின்றுவிட்டது. சில வருடம் கழித்து அவருடைய வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை கிடைத்து இருவரும் போய்விட்டார்கள். இப்போதும் யாராவது பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனால் எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வரும்.

பேச்சு மட்டுமில்லை, சண்டையும் அவரிடம் அப்படித்தான். ஒரு தடவை முதலாளியோடு ஏதோ வாக்குவாதம். இரண்டு பேரும் உச்சத்தில் இருக்கும்போது ஒரு விவசாயி ஸ்டார்ட்டர் கேட்டு வந்தார். உடனே இருவரும் சிரித்த முகமாகி, அரை மணி நேரம் அவருக்கு விளக்கம் சொல்லி, பெட்டியைக் கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். முதலாளி வெளியே போய் டீ குடித்து, பேப்பர் படித்து, நிம்மதியாக உள்ளே வந்து உட்கார்ந்தார். இவர் தலையை நிமிர்த்தி, "அதனாலதான் சொல்றேன், அது ஒங்க தப்புதான் சார்" என்றார். முதலாளிக்கு எது தப்பு என்பதே மறந்துவிட்டது. ஆனாலும் ஒத்துக்கொண்டார். வேறு என்ன செய்வார், பாவம்.

ஸ்க்ரூ டிரைவர், கட்டர், டெஸ்டர் எல்லாவற்றுக்கும் சுவரில் பென்சிலால் கோடு வரைந்து வைத்திருந்தார். எடுத்தது அதே கோட்டுக்குள் திரும்பி வர வேண்டும். ஒருநாள் என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தேன். சாப்பிட்டு வந்து பார்த்தால் அதைச் சுற்றியும் ஒரு கோடு.

இப்படி ஒருவர் இருந்தால் அவருக்குப் பின்னால் ஏதாவது ஒரு சோகக் கதை இருக்கும் என்று நமக்குத் தோன்றும் இல்லையா? எனக்கும் தோன்றியது. யாரோ சின்ன வயதில் இவரை விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வராமல் இருந்திருப்பார்கள் என்று நானாகவே ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். மனசு கேட்காமல் ஒருநாள் விசாரித்தேவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்கப்பா கோட்டைப்பட்டினத்துல ரேஷன் கடையில எடை போட்டாரு. அஞ்சரைக்கு டாண்ணு வீட்டுக்கு வந்துருவாரு. எங்க வீட்டுல ஒரே ஒரு கொடை தொலைஞ்சுச்சு. அதையும் மறுநாளே கண்டக்டர் கொண்டாந்து குடுத்துட்டாரு" என்றார். என் கதைக்கு அதோடு முழுக்குப் போட்டேன்.

புரோகிராம் என்றால் பெரிய கம்ப்யூட்டர் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். கையடக்கமான ஒரு பெட்டி. அதற்கு கன்ட்ரோலர் என்று பெயர். சூடு, ஈரம், தண்ணீர் மட்டம் எல்லாம் பார்க்கிற சென்சார்களின் ஒயர் ஒரு பக்கம் வந்து சேரும். மறு பக்கத்திலிருந்து மோட்டாருக்கும் ஃபேனுக்கும் ஒயர் போகும். எதை எப்போது போட வேண்டும், எத்தனை வினாடி ஓடவிட்டு அணைக்க வேண்டும் என்று வரி வரியாக எழுதிக் கொடுத்தால் பெட்டி அதன்படி செய்துகொண்டே இருக்கும். அவ்வளவுதான். ஆனால் ஒரே வேலையை இரண்டு இடத்தில் எழுதுவது அவருக்குப் பிடிக்காது. பத்து வினாடி மணியடிக்க வேண்டுமென்றால் அதைத் தனித் துண்டாக ஒரே ஒரு தடவை எழுதி ஓரமாக வைத்துவிடுவார். சூடு கூடினாலும் குறைந்தாலும் கரண்ட் போய் வந்தாலும் பெட்டி அந்த ஒரே துண்டுக்குப் போய் மணியடித்துவிட்டு வரும்.

வெளியூர் வேலைக்குப் போகிற எங்களுக்காக அந்தக் கட்டளைகளை எல்லாம் தமிழில் ஒரு சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்; பெட்டியில் அந்த எண்ணை அழுத்தினால் போதும். ஓடு, நில், பொறு, பார். கடைசியில் இரண்டு: போ, போயிட்டு வா. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அன்றைக்கே எல்லோருக்கும் விளக்கியிருக்கிறார். நான் அப்போது டீ வாங்கப் போயிருந்தேன். என்னையே உதாரணமாக வைத்து விளக்கினாராம். நான் தூக்குவாளியோடு உள்ளே வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு ரோஷம். கேட்கவில்லை.

அந்த வருடம் சித்திரையில் அரிமளத்திலிருந்து வளர்மதி என்று ஒரு பெண் பட்டறைக்கு வந்தார். நாட்டுக்கோழி முட்டை பொரிக்கிற மெஷின் வேண்டும், கடையில் விற்பது வேண்டாம், நம்பகமாக ஒன்று செய்து கொடுங்கள் என்றார். அவருடைய கணவர் கருப்பையா சவூதியில் டிரைவர். பத்து வருடத்தில் மூன்றே மூன்று தடவை ஊருக்கு வந்தவர். இப்போது லீவில் வந்திருக்கிறார், திரும்ப அனுப்புகிற ஏஜென்ட் இவருடைய பதிலுக்குக் காத்திருக்கிறார் என்றார்.

"ஒரு ஈடு பொரியட்டும், பொரிஞ்சா இருக்கேன்னு சொல்லிட்டாக. இந்த மெஷின் ஒழுங்கா ஓடுனா அவுக இங்க இருப்பாக. ஓடலேன்னா ஃபிளைட் ஏறிருவாக. அம்புட்டுத்தாங்க. எம் மக அவுகள போன்லதான் ரொம்பப் பாத்திருக்கா."

வளர்மதி இதைக் கெஞ்சலாகச் சொல்லவில்லை. ஸ்டார்ட்டருக்கு எத்தனை எச்.பி. என்று சொல்கிற மாதிரி சொன்னார். எங்கள் மேடம் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். அந்தப் புரோகிராமை மூன்று தடவை எழுதினார், மூன்று தடவை அழித்தார்.

அடைகாக்கும் கோழி முட்டைகளை அவ்வப்போது புரட்டிப் போடும் அல்லவா, அதை மெஷினும் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கரு ஓட்டில் ஒட்டிக்கொண்டு செத்துவிடும். மணிக்கு ஒரு தடவை மோட்டார் பன்னிரண்டு வினாடி ஓடி, முட்டைத் தட்டை ஒரு பக்கமாகச் சாய்க்கும். அடுத்த மணிக்கு மறு பக்கம். சூட்டுக்கு மட்டும் தனியாக ஒரு தெர்மோஸ்டாட் வைக்கச் சொன்னார், புரோகிராம் நின்றாலும் சூடு நிற்கக் கூடாது என்று. அதற்கும் நான் கேலி செய்தேன். "உங்க புரோகிராம் மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா மேடம்?" என்று கேட்டேன்.

மெஷினை நான்தான் அரிமளம் கொண்டுபோய்ப் பொருத்தினேன். கருப்பையா எதையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. குனிந்து பார்த்தார், தட்டைத் தூக்கிப் பார்த்தார், மோட்டாரைப் போட்டு அணைக்கிற ரிலே 'டக்' என்று விழுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். கடைசியில், "ஈரத்துக்குத் தண்ணி வைக்கிறீங்கல்ல, அது வத்திப் போனாலும் மணியடிக்கிற மாதிரி செய்ய முடியுமா?" என்றார்.

மேடத்துக்குப் போன் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. இதுகூடத் தெரியாதா நமக்கு என்ற நினைப்புதான். தண்ணீர்ச் சென்சாரை மாட்டினேன். மணியடிக்கிற துண்டு ஏற்கெனவே இருக்கிறது, அங்கே போகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். செல்போனில் எடுத்து வைத்திருந்த சார்ட்டின் படத்தைப் பார்த்தேன். போ என்று ஒன்று. போயிட்டு வா என்று ஒன்று.

எங்கள் பக்கம் கிளம்பும்போது யாரும் 'போறேன்' என்று சொல்ல மாட்டோம். 'போயிட்டு வாரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்தவரையும் 'போ' என்று அனுப்ப மாட்டோம். சாவு வீட்டில் மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வருவோம். மேடம் இந்த மரியாதையை மெஷின் வரைக்கும் கொண்டுபோய்விட்டார் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டும் ஒன்றுதான், ஒன்று கொஞ்சம் நாகரிகமானது, மெஷினுக்கு எதற்கு நாகரிகம் என்று முடிவு செய்து, 'போ'வுக்கு உரிய எண்ணைப் போட்டேன். சென்சாரைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்த்தேன். மணி கணீரென்று அடித்தது. பெட்டியை ஒருமுறை அணைத்து, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டு, வளர்மதி போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டு, வெற்றிலையும் போட்டுக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

முட்டை வைத்து எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம் தண்ணீர் வற்றியது. மணி அடித்தது. வளர்மதி தண்ணீர் ஊற்றினார். எல்லாம் சரியாக நடக்கிறது என்று கருப்பையாவுக்கும் சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேடத்துக்கு வளர்மதியிடமிருந்து போன்.

"ஏங்க, ரெண்டு நாளாத் தட்டு ஒரே பக்கமாச் சாஞ்சே கெடக்கே, மெஷினுக்கு லீவு கீவு விட்டுருக்கீங்களா?"

மேடம் என்னைக் கூப்பிட்டார். கிடைத்த முதல் பஸ்ஸைப் பிடித்து இரண்டு பேரும் போனோம். கருப்பையா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். மேடம் லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்து ஒரு நிமிடம் பார்த்தார். மெதுவான குரலில் என்னிடம், "அண்ணே, இங்க எதுக்கு 'போ' போட்டீங்க?" என்றார்.

"மெஷினுக்கு எதுக்கு மேடம் 'போயிட்டு வா'? அது மரியாதைக்குத்தானே?" என்றேன், நானும் மெதுவாக.

அவர் என்னையே பார்த்தார். பிறகு துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. தலையைத் திருப்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்த முட்டைகளைப் பார்த்ததும்தான் சிரிப்பு நின்றது.

"போயிட்டு வான்னு சொன்னா, கெளம்புறதுக்கு முன்னாடி விட்ட எடத்தைக் குறிச்சு வச்சுக்கும்ணே. வேலைய முடிச்சுட்டு அந்த எடத்துக்கே வரும். வெறும் 'போ'ன்னா எதையும் குறிச்சுக்காது. மணியடிச்சு முடிச்சதும் 'திரும்பு'ன்னு ஒரு வரி இருக்கு. எங்கிட்டுத் திரும்பும்? அதுக்கு ஒண்ணும் தெரியல. அங்கயே நின்னுருச்சு."

வெள்ளி மத்தியானத்திலிருந்து அது அங்கேயே நின்றுகொண்டிருந்திருக்கிறது. சூடு மட்டும் இருந்தது, நான் கேலி செய்த அந்தத் தெர்மோஸ்டாட்டின் புண்ணியத்தில். மேடம் எண்ணை மாற்றினார். மோட்டார் ஓடியது, தட்டு மறு பக்கம் சாய்ந்தது.

கருப்பையா உள்ளே வந்தார். "என்ன கோளாறு?"

"எங்க தப்புங்க. சரி பண்ணிட்டோம், இனிமே வராது" என்றார் மேடம்.

"மெஷின்லயா, ஆள்லயா?"

"எங்க தப்புங்க" என்றார் மறுபடியும். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"என்னான்னே சொல்லாத தப்பு மறுபடி வராதுன்னு நான் எப்படிம்மா நம்புறது? சரி, பொரியட்டும். பொரிச்ச மறுநாள் நான் ஏஜென்ட்டுக்குப் பதில் சொல்லணும்."

நான் அங்கே இருந்த பிளக் பாயின்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். இருபது வருடம் ஒயரிங் செய்தவன் என்று ஊரில் எனக்கொரு பெயர் இருந்தது. அது போய்விடுமோ என்று பயந்தேன். வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு பதினோரு நாள். அந்த நாட்களில் மேடத்தின் பேச்சு பாதியில் நின்றால் நின்றதுதான். தேங்காய்ச் சட்னியைப் பற்றி ஒரு புதன்கிழமை ஏதோ ஆரம்பித்தார். வியாழன், வெள்ளி என்று நான் காத்திருந்து பார்த்தேன், மீதி வரவேயில்லை. டெஸ்டர் கோட்டுக்கு வெளியே தொங்கியது. முதலாளிகூட, "என்னய்யா, அந்தப் பொண்ணுக்கு ஒடம்புக்கு ஏதும் முடியலயா?" என்று என்னிடம் விசாரித்தார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

பொரிக்கிற நாளன்று காலையிலேயே போய்விட்டோம். ஓடு விரிசல் விடுகிற சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? அவ்வளவு மெல்லிசான சத்தத்துக்கு நான்கு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். மத்தியானத்துக்குள் பாதிக்குக் கொஞ்சம் அதிகமாகப் பொரிந்துவிட்டது. ஈரம் காயாத குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து எழுந்தன. மீதி முட்டைகள் அசையவில்லை. சாயங்காலம் வரை பார்த்துவிட்டு, கருப்பையா அவற்றை ஒரு வாளியில் எடுத்து வைத்தார்.

வளர்மதி அந்த வாளியைப் பார்க்கவில்லை, கணவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தது.

"குஞ்சு நல்லாத்தான் இருக்கு. நான் ஒங்களக் குத்தம் சொல்லல. ஆனா இது என்னிக்கு நிக்கும், எதுக்கு நிக்கும்னு தெரியாம தெனம் காவல் காத்துக்கிட்டு இருக்க முடியாதுங்க. அதுக்கு நான் அங்கிட்டே போயிர்றேன்."

என்னைப் பார்க்காமல் இருக்க மேடம் படுகிற பாட்டை நான் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நான்தாங்க செஞ்சேன்" என்றேன்.

கருப்பையா திரும்பினார்.

"மெஷின் மேல தப்பில்ல. மேடம் எழுதுனதுலயும் இல்ல. தண்ணிக்கு மணி வைக்கச் சொன்னீங்கல்ல, அத நான் எழுதுனேன். 'போயிட்டு வா'ன்னு சொல்ல வேண்டிய எடத்துல வெறும் 'போ'ன்னு சொல்லிட்டேன். அது போயிருச்சு. திரும்பி வரத் தெரியாம நின்னுருச்சு. சொன்னதத்தாங்க அது செஞ்சுச்சு."

குஞ்சுகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. வளர்மதிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரோடு.

"ஏங்க, மெஷின்கிட்டயுமா அப்படிச் சொல்லக்கூடாது?"

கருப்பையா சிரிக்கவில்லை. "அப்ப மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்லங்க."

"அன்னைக்கே இத எங்கிட்ட சொல்லிருக்கலாம்லம்மா?" என்று மேடத்திடம் கேட்டார்.

"சொல்லிருக்கணுங்க" என்றார் அவர், தலையைக் குனிந்தபடி.

கருப்பையா செல்போனைப் பார்த்தார். பிறகு அதை வளர்மதியின் கையில் கொடுத்துவிட்டு, "அடுத்த ஈட்டுக்கு முட்டை எம்புட்டு இருக்கு?" என்று கேட்டார். வளர்மதி விறுவிறுவென்று உள்ளே போனார், வருவதற்கு வெகு நேரமாயிற்று.

அறந்தாங்கி பஸ்ஸில் கூட்டமில்லை. மேடம் முன் சீட்டில் ஜன்னலோரம், நான் பின் சீட்டில். பாதி தூரம் வந்ததும் கேட்டேன்: "நான் சொல்லாம இருந்திருந்தா, நீங்க சொல்லிருப்பீங்களா மேடம்?"

அவர் திரும்பவில்லை. தலைமுடி காற்றில் பறந்துகொண்டிருந்தது.

"தெரியலண்ணே. ஒங்களக் காட்டிக் குடுக்கவும் மனசு வரல, அந்த மனுசன் ஃபிளைட் ஏறுறதப் பாக்கவும் மனசு வரல. பதினோரு நாளா எனக்குச் சோறு எறங்கலண்ணே."

எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. ஓடுகிற பஸ்ஸில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதேன். கண்டக்டர் வந்து என்ன என்று கேட்டதற்கு, "அண்ணனுக்குத் தலவலி" என்று அவர்தான் பதில் சொன்னார்.